பறக்கும் பொறி போர்க்களம் புகுமோ?

பொறியியற் கல்லூரியிற் பயிலும் என் தமையனார், சென்ற விடுமுறையின்போது மணலியிலுள்ள எங்கள் வீட்டு மாடியில் அமர்ந்து ரோபோ ஒன்றை உருவாக்கிக் கொண்டிருந்தார். சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா விழாவிலும் அதுபோன்ற பிற விழாக்களிலும் நடைபெறும் ரோபோப் போரை அன்பர்கள் அறிந்திருக்கலாம். ஒத்த எடையுள்ள இரு பொறிகள் அடைத்த கூண்டினுள் ஒன்றையொன்று மோதி உடைக்கும்; அவற்றைச் செலுத்துவோர் வெளியே நிற்பர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் எரியும் தீக்கொழுந்தை நோக்கியவாறே, “தம்பி, இது சக்கரத்தில் ஓடாமற் பறந்தால் என்ன?” என்றார்.

தமிழ் பயில்வானிடம் கேட்கத்தக்க வினாவன்று அது. எனினும் எனக்குத் தெரிந்த பறக்கும் பொறி ஒன்று உண்டு. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியே அது. அதனைக் கூறினேன். “அது போர் செய்ததோ?” என்றார். இல்லை, கருவுற்ற அரசியைப் போரினின்றும் தப்புவித்துச் சுடுகாட்டில் இறக்கியது, அவ்வளவே. “திருத்தக்கதேவர் விவரம் தெரிந்தவர்,” என்று நகைத்துவிட்டுத் தாமே காரணங்களை விரிக்கலானார்.

பறப்பது தன் எடை முழுவதையும் தானே தூக்க வேண்டும். 15 கிலோ வகுப்பில் நிலத்திலோடும் பொறி தன் எடையின் பெரும்பகுதியை எஃகுக் கவசத்திற்கும் சுழலும் உருளைக்கும் செலவிடும். பறப்பதற்கோ மோட்டார்களும் மின்கலமுமே அவ்வெடையை விழுங்கிவிடும். நான்கு விசிறிகளில் ஒன்று முறிந்தால் அது தலைகுப்புற வீழும். மேலும், நிலத்திலுள்ளது தரையை ஊன்றித் தாக்கும். அந்தரத்தில் நிற்பது தாக்கினால், தாக்கிய வேகத்தில் தானே பின்னோக்கி எறியப்படும். எட்டாத உயரத்தில் நின்று காலங்கடத்தலாமே என்றேன். துணிந்து தாக்குவதற்கும் நடுவர் மதிப்பெண் இடுவர். ஒதுங்கி நிற்பவன் தோற்பான் என்றார். அமெரிக்க நாட்டுப் பேட்டில்பாட்ஸ் போட்டியில் இத்தகைய டிரோன் ஒன்றைப் பகைப்பொறி, தன்மேற் கட்டியிருந்த தோட்டத்து வாரியாலேயே அடித்து வீழ்த்தியதாம்!

நிற்க. வடசென்னையில் வான்போர் கண்டறியாதார் யார்? ராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்புகையில் மாடிதோறும் காற்றாடிகள் எழும். அங்கே காற்றாடி வெறுங் காகிதம்; அது போர் செய்வதில்லை. போர் செய்வது நூல். கண்ணாடித் தூளும் பசையும் சாயமும் ஏற்றிய மாஞ்சா நூல் ஒன்றன்மேல் ஒன்று உராய, வலியது மற்றதை அறுக்கும். எடையின்மையே அங்கு வலிமை.

இதனைச் சொன்னதுதான் தாமதம், தமையனார் எழுந்து நின்றுவிட்டார். “அப்படியானால் என் பொறி மேலே நின்று நீண்ட நூலைத் தொங்கவிடட்டும். பகைவன் சக்கரத்தில் அது சுற்றிக்கொண்டால் போதும்!” அக் கணமே என் கண்கள் அவர் கழுத்தின் இடப்புறத்துத் தழும்பிற் சென்று நின்றன.

அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. இதே மாடியில் நானே காய்ச்சித் தடவிய நூல் அது. எவனோ ஒருவன் என் காற்றாடியை அறுக்க, நூல் திருவொற்றியூர்ச் சாலையின் குறுக்கே வீழ்ந்தது. மிதிவண்டியில் வந்த தமையனார் கழுத்தைப் பற்றியவாறு சாய்ந்ததை மேலிருந்து கண்டேன். எட்டுத் தையல்கள். யாருடைய நூல் என்று வீட்டார் தெருவெல்லாம் வினவினர். நான் வாய் திறக்கவில்லை. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை இழை மாஞ்சாவைத் தடைசெய்தது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் தந்தையோடு வண்டியிற் சென்ற மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா அறுத்து இறந்தது. அச்செய்தி வந்த நாளிரவு நான் உறங்கவில்லை. அன்றும் வாய் திறக்கவில்லை.

“அண்ணா, நூல் வேண்டாம்,” என்றேன். பல போட்டிகளில் நூலும் வலையும் விலக்கப்பட்டவை என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் என் குரல் நடுங்கியது அவ்விதியால் அன்று. அங்கேயே யாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திருகாணியை இறுக்குவதை நிறுத்தவில்லை. “என் கழுத்திற் சிக்கிய நூல் ஊதா நிறம்,” என்றார். “அன்று மருத்துவமனையில் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாயே, உன் விரல்களும் ஊதா.”

பிறகு, கீழே சென்று மற்றொரு சக்கரம் எடுத்து வரும்படி என்னைப் பணித்தார்.