இன்ஜின் நின்றால் எத்தனை நாள் போகும்? ஜெகதாப்பட்டினம் கரையில் ஒரு கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. இன்ஜின் போய்விட்டால் என்ன செய்வது?

1990-களின் இறுதியில் வந்த போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஒரு சின்ன பேரிங் உடைந்தால், மொத்த இன்ஜினும் காலியாகிவிடும். மாற்று இன்ஜின், உதிரி பாகங்கள், கூலி எல்லாம் சேர்ந்தால், அந்தக் காரை விற்றால் கிடைக்கும் பணத்தையே தாண்டிவிடலாம். செலவு செய்வதா, கவர் போட்டு ஷெட்டில் நிறுத்திவிடுவதா என்று உரிமையாளர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

இந்தக் கேள்வியைத் தேடி போர்ஷே ஷோரூமுக்குப் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரைக்குப் போனால் போதும். அங்கே கார் இல்லை, படகு. ஷெட்டில் நிறுத்திவிடலாம் என்ற பதில் மட்டும் அங்கே செல்லாது.

புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கிறதா?

இருக்கிறது. புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, ஜல்லிக்கட்டு என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், மாவட்டத்தின் கிழக்கு ஓரம் பாக் நீரிணையில் போய் முடிகிறது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று வடக்கிலிருந்து தெற்காக கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகப் போகலாம். வழியெல்லாம் தைலமரக் காடு, கண்மாய், சீமைக்கருவேலம். நேரம் இருந்தால் ஆவுடையார்கோவிலில் இறங்கி, கல்லில் கயிறும் கம்பியும் செய்ததுபோல் இழைத்திருக்கும் அந்தக் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து கிழக்கே போகப் போக காற்றில் உப்பு ஏறும். ஜெகதாப்பட்டினத்தை நெருங்கும்போது உப்போடு டீசல் வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்துகொள்ளும்.

மெரினாவைப்போல அலை அடிக்கும் கடலை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும், இந்தப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்றும் ராமேஸ்வரம் பகுதியில் சொல்வார்கள். அந்த அமைதியான தண்ணீரில் விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கும்.

வருடத்துக்கு 130 நாள்

ஒரு விசைப்படகு வருடத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போக முடியும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீதி 304 நாள். இந்தப் பகுதியில் விசைப்படகுகள் தினமும் போவதில்லை. திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள்தான். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரே கடலை இரண்டு தரப்பும் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு இது.

304 நாள் என்பது சுமார் 43 வாரம். வாரத்துக்கு மூன்று என்றால் 130 நாள். இதிலிருந்து புயல் எச்சரிக்கை, பலத்த காற்று, பண்டிகை, ஊர்த் துக்கம், மீனவர் கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் அந்தப் படகை நம்பியிருக்கும் குடும்பங்களின் வருடச் சம்பாத்தியம்.

இப்போது இன்ஜின் பழுதாகி மூன்று வாரம் படகு நிற்கிறது என்று வையுங்கள். காலண்டரில் 21 நாள்தான். ஆனால், கடலுக்குப் போகும் வாய்ப்பில் ஒன்பது போய்விட்டது. இருக்கிற 130-ல் ஒன்பது. மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் பில்லில் இந்த ஒன்பது நாள் வராது.

கடலில் இறக்கம் கிடையாது

இந்தப் படகுகளில் இருப்பவை டீசல் இன்ஜின்கள். அசோக் லேலண்ட், கிர்லோஸ்கர் போன்ற நிறுவனங்கள் படகுக்கென்றே இன்ஜின் தயாரிக்கின்றன. புதிதாக வாங்க முடியாதவர்கள், லாரியிலிருந்து கழற்றிய பழைய இன்ஜினைப் படகுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்திக்கொள்வதும் உண்டு. ரேடியேட்டரை எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் குளிர்விக்கும் ஏற்பாட்டைச் சேர்ப்பார்கள். கியர்பாக்ஸும் படகுக்கு உரியதாக மாறும். நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய இன்ஜின், இரண்டாவது பிறவி எடுத்துக் கடலில் ஓட ஆரம்பிக்கும்.

ஆனால், லாரிக்குக் கிடைக்கும் ஓய்வு படகுக்குக் கிடைக்காது. லாரி மேட்டில் ஏறும்போது திணறும், இறக்கத்தில் இளைப்பாறும், சிக்னலில் நிற்கும். கடலில் இறக்கம் கிடையாது. இழுவை மடியைப் போட்டுவிட்டால், மணிக்கணக்கில் இன்ஜின் முழு பாரத்தையும் இழுத்தாக வேண்டும். இரவு முழுக்க மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். அதுதான் இழுவைப் படகு.

அதோடு உப்பு. ஆழம் குறைந்த கடல் என்பதால் குளிர்விக்க இழுக்கும் தண்ணீரோடு சேறும் மணலும் வரும். தண்ணீர் போகும் பாதை அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் ஹெட் கேஸ்கெட் போகும். தண்ணீரும் ஆயிலும் கலந்து, ஆயில் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். கவனிக்காமல் இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பிஸ்டன் லைனரோடு பிடித்துக்கொள்ளும். கிராங்க் ஷாஃப்ட் உடைந்தால் கதை முடிந்தது.

பழக்கப்பட்ட டிரைவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். படகு ஓட்டுபவரை இங்கே டிரைவர் என்றுதான் சொல்கிறார்கள். 'சத்தம் மாறுதுண்ணே' என்று படகு உரிமையாளரிடம் சொல்வதுதான் முதல் எச்சரிக்கை. அன்றைக்கே பார்த்தால் கேஸ்கெட் செலவோடு முடியும். அடுத்த தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இன்ஜினே போகும். ஆனால், தள்ளிப்போடாமல் இருக்க கையில் காசு வேண்டுமே!

பில்லில் வருவதும் வராததும்

இன்ஜின் மாற்றுவது என்றால் இன்ஜின் விலை மட்டுமல்ல. பலகையைப் பெயர்த்து, செயின் பிளாக் அல்லது கிரேன் வைத்துப் பழையதைத் தூக்க வேண்டும். அடியில் இருக்கும் கட்டைகள் உளுத்திருந்தால் மாற்ற வேண்டும். புது இன்ஜினை இறக்கியதும், அதன் கியர்பாக்ஸிலிருந்து புரொப்பல்லர் வரை போகும் ஷாஃப்ட் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் படகே அதிரும், பேரிங் தேயும். வேறு இன்ஜின் வந்தால் மீன்வளத் துறையின் பதிவிலும் அது ஏற வேண்டும். பெரிய இன்ஜினாகப் போட்டுவிடலாம் என்றால் அதற்கும் 240 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பு இருக்கிறது.

புது இன்ஜின் என்றால் எல்லாம் சேர்ந்து செலவு பல லட்சங்களில் போய் நிற்கும். அரசு தரும் உதவிகளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது அடுப்பெரிய உதவும், இன்ஜினுக்கு ஆகாது. விசைப்படகுக்கு வருடத்துக்கு 19,000 லிட்டர் வரை விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு. 130 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு சுமார் 146 லிட்டர். இது ஓடுகிற படகுக்குப் பெரிய உதவி. நிற்கிற படகுக்கு ஒரு சொட்டுகூடப் பயன்படாது.

அப்போது பணம் எங்கிருந்து வரும்? நகைக் கடன், வட்டிக்கடன், மீன் வாங்கும் வியாபாரியிடம் முன்பணம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், அடுத்து வரும் மீனை பெரும்பாலும் அவருக்கே கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே விலை பேசும் வாய் கொஞ்சம் அடங்கித்தான் போகும்.

நிற்பது உரிமையாளர் மட்டுமல்ல. படகில் போகும் தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கிடைத்த மீனில்தான் பங்கு. படகு போகாவிட்டால் பங்கும் இல்லை. ஐஸ் உடைப்பவர், மீன் தரம் பிரிக்கும் பெண்கள், கூடை சுமப்பவர் எல்லோருக்கும் அந்த ஒன்பது நாள் போய்விடுகிறது.

நடுக்கடலில் நின்றால்

கரையில் இன்ஜின் நின்றால் பணம் போகும். கடலில் நின்றால்?

பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974-ல் ஒப்பந்தம் மூலம் வகுக்கப்பட்டது. தண்ணீரில் கோடு தெரியாது. இன்ஜின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகும். பக்கத்தில் இருக்கும் படகு கயிறு கட்டி இழுத்து வந்தால் தப்பித்தார்கள். இழுத்து வரும் படகுக்கும் அன்றைய பாடு போச்சு. ஆனாலும், நாளை தனக்கும் இந்த நிலை வரலாம் என்று தெரிந்தவர்கள் என்பதால் இழுத்துத்தான் வருவார்கள்.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் செய்தி நமக்குப் புதிதல்ல. எல்லாமே இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. மீனைத் தேடி எல்லை தாண்டுவதும் நடக்கிறது. இழுவை மடியால் தங்கள் வலைகள் கிழிகின்றன, கடலடி வளம் அழிகிறது என்று யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள் சொல்லும் குறையிலும் நியாயம் இருக்கிறது. இலங்கை 2017-ல் இழுவை மடியைத் தடை செய்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுப் படகுகளுக்கு அவற்றின் நீளத்தைப் பொறுத்து 50 லட்சம் முதல் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம் விதித்தது.

பிடிபட்டவர்கள் ஊர் திரும்பினாலும் படகு திரும்புவது அரிது. ஸ்டார்ட் செய்ய ஆளில்லாமல் மாதக்கணக்கில் உப்புக்காற்றில் நிற்கும் இன்ஜின் துருப்பிடித்து இறுகிவிடும். 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு 105 தமிழகப் படகுகளை ஏலத்தில் விட்டது. அதில் 65 படகுகள் காரைநகரில் மட்டும் நின்றவை. அப்படி மீட்க முடியாமல்போன விசைப்படகுகளுக்குத் தமிழக அரசு தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அதை வைத்து இன்னொரு முழுப் படகு வாங்க முடியாது.

விட்டுவிட்டுப் போகலாமே?

இவ்வளவு கஷ்டம் எதற்கு, இழுவைப் படகையே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு திட்டம் வந்தது. 2017-ல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில், இழுவைப் படகை ஒப்படைத்தால் சூரை மீன் பிடிக்கும் 80 லட்சம் ரூபாய் படகு கிடைக்கும் என்பது அப்போதைய ஏற்பாடு. மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவரின் பங்கு 8 லட்சம்.

காகிதத்தில் நல்ல கணக்கு. ஆனால், இன்ஜினுக்கே கடன் வாங்கும் ஒருவருக்கு 8 லட்சமும், அதற்கு மேல் 16 லட்சம் கடனும் பெரிய மலை. தொழிலும் மாற வேண்டும். சாயங்காலத்துக்குள் வலை போட்டு மறுநாள் காலையில் கரை திரும்பிப் பழகியவர், பல நாள் ஆழ்கடலில் தங்கப் பழக வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கப் போன மகன் அனுப்பும் பணத்தில் பழைய படகுக்கே இன்னொரு இன்ஜின் போடுவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தால், அதை முட்டாள்தனம் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் சந்தை விலையைவிட அதிகம் செலவு செய்பவரைப் பார்த்து, 'ஆசை' என்கிறோம். உளுத்த படகுக்குப் புது இன்ஜின் போடுபவரிடம் இருப்பது ஆசை இல்லை. மற்ற வழியெல்லாம் இதைவிடக் கூடுதல் விலை கேட்கிறது, அவ்வளவுதான்.

எப்போது போகலாம்?

மீன் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், படகுகள் கரை திரும்பும் நாள்களில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். நண்டு, இறால், கணவாய் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போவதற்கு முன்பே பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடம், குறுக்கே நிற்காதீர்கள்.

இந்தக் கரையைப் புரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், தடைக்காலத்தில் போங்கள். மீன் இருக்காது. ஆனால், படகுகள் திறந்து கிடக்கும். வெல்டிங் பொறி, பெயின்ட் வாசம், வலை பின்னும் விரல்கள், சாக்கில் பரப்பி வைத்த நட்டும் போல்ட்டும். மீன்வளத் துறை அதிகாரிகள் வந்து ஒவ்வொரு படகாக ஆய்வு செய்வதும் இந்தச் சமயத்தில்தான். வருடத்தில் இன்ஜினுக்கு மருத்துவம் பார்க்க, கடலுக்குப் போகும் நாள் வீணாகாமல் கிடைக்கும் ஒரே அவகாசம் இந்த 61 நாள்தான்.

ஜூன் 14 நெருங்கும்போது கரை முழுக்க இன்ஜின்களை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். முதலில் கரும்புகை, இரண்டு முறை இருமல், பிறகு சீரான சத்தம். அந்தச் சத்தம் மாறாமல் இருக்கிறதா என்று டிரைவர் காது கொடுத்துக் கேட்பார். அதில்தான் அடுத்த 130 நாளும் இருக்கிறது.