தண்ணி எங்கே போய் முடியுது?

எங்க தெருவுல மேட்டு வீட்டுக்காரரும் பள்ளத்து வீட்டுக்காரங்களும் 6 வருசமா பேசிக்கிறதில்லை. சொத்துத் தகராறு கிடையாது. மேட்டு வீட்டுக் குளியல் தண்ணி பள்ளத்து வீட்டு வாசல்ல வந்து தேங்குது. அவ்வளவுதான். "பஞ்சாயத்துல சாக்கடை கட்டட்டும்"னு அண்ணன் சொல்றார். "உங்க வீட்டுத் தண்ணியை நீங்க பாருங்க"ன்னு மதினி சொல்றாங்க. ரெண்டு பேர் பேச்சுலயும் நியாயம் இருக்கு.

தெருக்குழாயில குடம் குடமா சுமந்த காலத்துல இந்தச் சண்டை குறைச்சல். பாத்திரம் கழுவின தண்ணி கொல்லையில வாழைக்குப் போயிடும். இப்ப வீட்டுக்கு வீடு குழாய். 2019ல அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. 5 பேர் இருந்தா 275 லிட்டர். குடிக்க, சமைக்கப் போக மிச்சமெல்லாம் அழுக்குத் தண்ணியா வெளியே வந்துதானே ஆகணும்? தண்ணி உள்ளே வர வழி பண்ணிட்டோம், வெளியே போக வழி பண்ணலை.

தெருச் சாக்கடை கட்டுறது ஊராட்சி வேலை. 1994ஆம் வருசத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துலயே இருக்கு. தலைவரை டீக்கடையில பார்த்துச் சொன்னா காத்தோட போயிடும். கிராம சபையில எழுந்து கேட்டு, தீர்மானமா எழுத வைக்கணும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இதோட மார்ச் 22, நவம்பர் 1ம் இப்ப கிராம சபை நாள்தான்.

ஆனா சாக்கடை கட்டிட்டா தண்ணி காணாம போயிடாது. தெருக்கோடியில கடைசி வீட்டு வாசலுக்கோ, ஊர்க் குட்டைக்கோ போகும். கொசுவும் கூடவே போகும். அதனால என் கருத்து இதுதான்: இடம் இருக்கிற வீடு தன் தண்ணியைத் தன் எல்லைக்குள்ள முடிச்சுக்கணும். இடம் இல்லாத வீட்டுக்கு ஊராட்சி வழி செய்யணும்.

பெரிய செலவு இல்லை. 3 அடிக்கு 3 அடி, ஆழம் 3 அடிக்கு ஒரு உறிஞ்சுகுழி. அடியில பெரிய கல்லு, மேல ஜல்லி, உடைஞ்ச செங்கல். தண்ணி விழுற இடத்துல ஓட்டை போட்ட பழைய பானையில தேங்காய் நார் வச்சா சோத்துப் பருக்கை, முடியெல்லாம் அதுல நின்னுடும். நாரை அப்பப்ப மாத்தணும். களிமண்ணுல தண்ணி சீக்கிரம் இறங்காது. அங்கே வாழைப் பாத்திக்குத் திருப்பி விடுறது நல்லது. கிணறு, போர் பக்கத்துல குழி வேண்டாம். கக்கூஸ் தண்ணியை இதுல சேர்க்கவே கூடாது.

இதை டவுன்ல இருக்கிற உங்ககிட்ட சொல்ல ஒரு காரணம் இருக்கு. ஊர்ல பழைய வீட்டை இடிச்சுக் கட்டுறவங்கள்ல பாதிப் பேர் வெளியூர்ல சம்பாதிக்கிற பிள்ளைங்க. கொல்லை வரைக்கும் சிமெண்டு போட்டு, குழாயைத் தெருவுக்கு நீட்டிட்டு, பொங்கலுக்கு வந்து 2 நாள்ல கிளம்பிடுறீங்க. வருசம் பூராவும் பக்கத்து வீட்டுப் பேச்சு வாங்குறது உங்க அம்மா அப்பாதான்.

வேலை ஆரம்பிக்கும்போதே கொத்தனார்கிட்ட ஒண்ணு கேளுங்க: "குளியல் தண்ணி எங்கே போய் முடியுது?" "தெருவுல விட்டுடலாம் சார்"னு சொன்னா, கொல்லையில ஒரு பாத்தி அளவு மண்ணைச் சிமெண்டு பூசாம விடச் சொல்லுங்க.