அரிசி விலையும் பள்ளிப் பாடமும்

உலகப் போர் எங்கே நடந்தது என்று கல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகளைக் கேட்டால், ஐரோப்பா என்பர், ஜப்பான் என்பர். சென்னை மெயிலைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் தாம் கடக்கும் ஹௌரா பாலம் அப்போரின் நடுவே, 1943 பிப்ரவரியில், விழா ஏதுமின்றித் திறக்கப்பட்டதென்பதை அறியார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1942 டிசம்பர் 20 முதல், இந்நகரின் மீதே ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதையும் அறியார். குற்றம் அவர்களுடையதன்று. பாடநூலில் போருக்கென ஓர் அத்தியாயம் உண்டு. சரித்திர வகுப்பின் மணி அடித்ததும் அது முடிந்துவிடுகிறது.

ஆகவே லேக் மார்க்கெட் பக்கத்தில் ஞாயிறுதோறும் நாம் நடத்திவரும் சிறு வகுப்பில் இவ்வாண்டு ஒரு சோதனை செய்து பார்த்தோம். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் ஒன்றையே எடுத்துக்கொண்டு, கணக்கு, பூகோளம், விஞ்ஞானம், சித்திரம், தமிழ் ஆகிய பாடங்கள் அனைத்திற்கும் அதனைப் பங்கிட்டுக் கொடுத்தோம்.

கணக்கே முதலில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ அரிசி, மொத்த விலையில் 13, 14 ரூபாய். அடுத்த மார்ச்சில் 21. மே மாதத்தில் 30-க்கும் மேல். ஆகஸ்டில் 37. கூலி உயராத ஒருவன் அதே கூலிக்கு எவ்வளவு அரிசி வாங்குவான் என்று கேட்டோம். மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி என்று விடை வந்தது. விடை சொன்ன சிறுமி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் மற்ற இரண்டு பங்கு பசி?" என்றாள். எந்தப் பாடநூலும் கேளாத கேள்வி அது.

பூகோளத்தில் ஆறுகளை வரைந்தோம். ஜப்பானியர் கையில் சிக்கலாகாதென்று 1942-இல் அரசாங்கம் கடலோர மாவட்டங்களிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட படகுகளை அகற்றியது. படகில்லாத கீழ்வங்கத்தில் நெல் எவ்வாறு சந்தைக்குப் போகும், மீனவன் எவ்வாறு பிழைப்பான் என்பதைப் படமே சொல்லிற்று.

விஞ்ஞானத்திற்கும் கணக்கிற்கும் இடையே ஒரு வழக்கும் மூண்டது. 1942-இல் நெற்பயிரைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோயே பஞ்சத்திற்குத் தலையாய காரணம் என்று பயிர்நோய் அறிஞர் பத்மநாபன் 1973-இல் எழுதினார். 1943-இல் கிடைத்த அரிசி 1941-இல் இருந்ததைவிடக் குறைவன்று, வாங்கும் சக்தியே பறிபோயிற்று என்று அமர்த்தியா சென் 1981-இல் வாதிட்டார். பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்தனர். நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆயினும் நம் மனம் சென் பக்கமே சாய்கிறது.

சித்திர வகுப்பில் ஜைனுல் ஆபெதின் மலிவான தாளில் கறுப்பு மையால் தீட்டிய பஞ்சச் சித்திரங்களைக் காட்டினோம். பேச்சில்லை. தமிழ் வகுப்பில், அந்த 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் வந்த லட்சக்கணக்கானோரில் ஒருவரான வெ. சாமிநாத சர்மாவின் வழிநடைப் பயணத்தைச் சொன்னோம். கிராமத்து மக்கள் இந்நகரின் வீட்டு வாசல்களில் நின்று "ஃபேன் தாவ்" என்று இரந்ததையும் சொன்னோம். வங்காளம் அறிந்த பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கிற்று: அவர்கள் கேட்டது சோறன்று, வடித்த கஞ்சி.

அன்றுதான் ஒரு சிறுவன், "அப்போது நம் கொள்ளுத்தாத்தாக்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்றான். மெய்யை மறைப்பானேன்? 1942 ஆகஸ்டில் வங்க வர்த்தக சபை வகுத்த உணவுத் திட்டப்படி, பெரிய கம்பெனிகளின் ஊழியர்க்குச் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. அரசாங்க ஊழியர்க்கும் ரயில்வே, துறைமுகத்தார்க்கும் அவ்வாறே. குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் இங்கு வந்திருந்த நம்மவர் பலர் அவ்வரிசியை உண்டே பிழைத்திருக்க வேண்டும். வாசலில் நின்றவர்க்கு அத்தகைய அட்டை இல்லை. 1945-இல் விசாரணைக் குழு சாவு சுமார் 15 லட்சம் என்றது; பிற்காலத்தார் 30 லட்சம் வரை என்பர்.

பெற்றோர் ஒருவர் வந்து, "சின்னஞ்சிறுசுகளுக்கு இவையெல்லாம் எதற்கு? இரவில் என் மகன் சரியாகச் சாப்பிடவில்லை" என்று குறைபட்டுக்கொண்டார். அவர் கவலை நியாயமானதே. ஆகவே பத்து வயதிற்குட்பட்டோரைச் சித்திர வகுப்பிலிருந்து விலக்கியிருக்கிறோம். கணக்கிலிருந்து விலக்க மட்டும் நமக்கு மனமில்லை.

அடுத்த மாதம் வீட்டுக் கணக்கு நோட்டுகளைப் படிக்க எண்ணியுள்ளோம். 1942 முதல் 1944 வரை தாத்தா பாட்டியர் எழுதிய வரவு செலவுப் புத்தகமோ, ரேஷன் அட்டையோ, ஊருக்குப் போட்ட கடிதமோ அன்பர்கள் இல்லத்துப் பெட்டியில் இருக்குமாயின், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டியுதவக் கோருகிறோம். பிள்ளைகள் அங்கேயே பார்த்து எழுதிக்கொள்வர். அன்றே பத்திரமாகத் திருப்பித் தரப்படும்.