மழலையும் மராமத்தும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது முன்னோர் வாக்கு. இரண்டும் பொறுமையையும் பணப்பையையும் ஒருசேரச் சோதிப்பவை என்பதை அனுபவித்தவர் அறிவர். ஆனால், பழைய வீடொன்றை விலைக்கு வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு, ஒன்றரை வயதுக் குழந்தையையும் கையில் வைத்துக்கொண்டு மராமத்துச் செய்வோரைப் பற்றி அம்முதுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் படும் பாட்டை ஒரு மாத காலம் உடனிருந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு மாதம் ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் பணித்தமையால், பாளையங்கோட்டையில் நம் தங்கை மகள் வீட்டில் தங்கினோம். திண்ணை, தார்சா, பட்டாசாலை, அடுப்படி, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் வீடு அது. 60 ஆண்டுப் பழமையுடையது. வாடகையையும் வங்கிக் கடன் தவணையையும் ஒருங்கே செலுத்த இயலாமையால், வேலை முடியுமுன்னரே அவர்கள் குடிபுகுந்திருந்தனர். முன்பக்கம் இவர்கள், பின்பக்கம் கொத்தனாரும் சித்தாள்களும். கணவர் காலையில் அலுவலகம் சென்றால் மாலையில்தான் திரும்புவார். இடைப்பட்ட நேரமெல்லாம் தாயும் சேயும் தூசியும்தான்.

பளுவான எதனையும் தூக்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. பதினொரு கிலோ எடையுள்ள குழந்தையும் பளுவே அன்றோ? ஆகவே அவனைத் தூக்குவதற்குப் பதிலாக, நாமே அவனருகில் பாயில் அமர்ந்துகொண்டோம். அங்கிருந்து நோக்கியபோது அது வேறொரு வீடாகத் தெரிந்தது. நிற்பவர் கண்ணுக்குக் கூரையின் விரிசலும் சுவரின் கறையும் தென்படுகின்றன. தரையில் இருப்பவன் கண்ணுக்கோ, மூடியில்லாத பிளக் பாயிண்ட், அறுத்துப் போட்ட கட்டுக்கம்பித் துண்டு, மூடி விலகிய தண்ணீர்த் தொட்டி, பாதி நிரம்பிய வாளி ஆகியவையே முதலில் படுகின்றன. கட்டுக்கம்பியைக் கண்ட குழந்தை அதைச் சுவைத்துப் பார்க்க விரும்புகிறான். வாளியைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்க்கிறான். இப்பருவத்துக் குழந்தைக்கு உடலை நோக்கத் தலை கனமானது. வாளிக்குள் கவிழ்ந்தால் தானாக எழ இயலாது. சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு உலையாகிவிடும். அன்றே, வேலை முடிந்தவுடன் வாளிகளைக் கவிழ்த்து வைப்பது என்றும், தொட்டி மூடியின்மேல் கல்லை ஏற்றி வைப்பது என்றும் ஏற்பாடாயிற்று.

நிற்க. முதல் சில நாட்கள் குழந்தையை வேலைக்கு ஓர் இடையூறாகவே அனைவரும் கருதினர். தாய் அவனை ஓர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, கைப்பேசியைக் காட்டி அமர்த்துவாள். நண்பகலில் அவன் கண்ணயரும் வேளையில் ஓடு அறுக்கும் இயந்திரம் வீறிடும். அவனும் வீறிட்டு எழுவான். "மாமா, இவன் அழுதா வேலை நிக்குது, வேலை நடந்தா இவன் அழுறான். நான் எதைத்தான் பார்க்கிறது?" என்று அவள் கண் கலங்கினாள்.

விடை கொத்தனாரிடமிருந்து வந்தது. அவர் பேரப்பிள்ளைகளைக் கண்டவர். குழந்தை எப்போது தூங்குவான் என்று கேட்டார். பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை என்றதும், "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா. உடைக்கிறது, அறுக்கிறது எல்லாம் பன்னிரண்டு மணிக்குள்ள முடிச்சிருவோம். அப்புறம் பூச்சு வேலைதானே? கரண்டிச் சத்தம் பிள்ளை காதுக்கு எட்டாது" என்றார். இவ்வேற்பாட்டினால் இரண்டு நாள் கூலி மிகுதியாயிற்று என்பது உண்மையே. ஆனால் உறங்கி எழுந்த குழந்தையும், ஒரு வாய்ச் சோற்றை அமைதியாக உண்ட தாயும் அவ்வீட்டிற்குத் திரும்பக் கிடைத்தனர்.

குழந்தைக்கும் ஒரு வேலை கிடைத்தது. சிமெண்டுப் பூச்சைக் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் உலராமல் நனைத்து வர வேண்டும். இன்றேல் அது உறுதி பெறாது, வெடிப்பும் விடும். ஈரச் சிமெண்டு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும் ஆதலால், பூச்சு நன்கு இறுகிய பின்னரே அவனை அருகில் விட்டனர். ஒரு சிறு தூரிகையும் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் அவனுக்குத் தரப்பட்டன. அடுப்படியில் புதிதாக எழுப்பிய சுவரின் அடிப்பகுதியைக் காலையும் மாலையும் நனைப்பது அவன் பொறுப்பாயிற்று. கைக்கெட்டிய இரண்டரை அடி வரை அவன் நனைப்பான். அதற்கு மேல் தாய் நனைப்பாள். முடிந்ததும் அவன் கைகளை அவள் கழுவிவிடுவாள்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு நாள் மாலை, குழந்தையின் உதட்டில் பச்சை நிறப் பொருக்கு ஒட்டியிருப்பதைத் தாய் கண்டாள். சன்னலின் பழைய வண்ணம் உரிந்திருந்த இடத்தில் அவன் விரலால் சுரண்டித் தின்றிருந்தான். பழைய பெயிண்டுகளில் ஈயம் மிகுதியாகச் சேர்க்கப்பட்டு வந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்டவற்றை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாகச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்ளும். இவ்வளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை.

மறுநாளே மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தனர். அதே நாளில் பெயிண்டரும் வந்து நின்றார். உப்புத்தாள் இயந்திரம் கொண்டு கதவு, சன்னல் அனைத்தையும் இரண்டே நாளில் தேய்த்துவிடுவதாகச் சொன்னார். அவ்வாறு உலரத் தேய்த்தால் அத்தூசி வீடெங்கும் படியும். குழந்தையின் கையிலும் பாயிலும் பாலாடையிலும் படியும். வேண்டாம் என்றாள் தாய். கணவரோ மனம் பொறாமல், "பத்திரிகை அடிச்சுக் கொடுத்தாச்சு மாமா. எங்க அம்மாவுக்கும் உடம்பு சரியில்ல. அவங்க கண்ணால இந்த வீட்டைப் பார்க்கணும்னுதானே அந்த நாளைக் குறிச்சோம்?" என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நோயுற்ற தாய் ஒருபுறம், குழந்தை மறுபுறம். இடையில் அகப்பட்ட மனிதரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. "வீட்டை மந்திரிக்கப்போவது நாமே. எந்த நாளாயினும் நாம் வருவோம்" என்று மட்டும் சொன்னோம்.

பரிசோதனை முடிவு மூன்றாம் நாள் கிடைத்தது. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் காணப்படின், அது எங்கிருந்து வருகிறதென்று கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த நெறி. குழந்தைக்கு அதற்குக் கீழேதான் இருந்தது. ஆனால் இல்லாமல் இல்லை. அத்தாளைக் கணவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். மறுநாள் காலை, அலுவலகம் செல்லுமுன், உறவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து விழாவை ஒரு மாதம் தள்ளி வைத்திருப்பதாகத் தெரிவித்தார். ஞாயிற்றுக்கிழமை தம் அன்னையைக் காரில் அழைத்து வந்து, வேலை முடியாத வீட்டையே காட்டினார். அம்மூதாட்டி திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தி, "காத்து நல்லா வருதே" என்று மகிழ்ந்து போனார்.

பின்னர், தாயும் குழந்தையும் நான்கு நாள் பாட்டி வீட்டிற்குச் சென்றனர். தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, மரத்தை நீரால் நனைத்து நனைத்தே பழைய பெயிண்டைச் சுரண்டினர். தீயால் பொசுக்கவில்லை, அது ஈயத்தைக் காற்றில் கலக்கச் செய்யும். உதிர்ந்தவற்றைப் பையில் கட்டி அகற்றினர். துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் பலமுறை துடைத்தெடுத்தனர். அதன் பின்னரே குழந்தை வீடு திரும்பினான்.

இல்லத்தரசியரே, இல்லத்தலைவர்களே! உங்களுள் எத்தனையோ பேர் கடன் பட்டுப் பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டிருப்பீர்கள். விரைவில் முடிக்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு உண்டு என்பதை நாம் நன்கு அறிவோம். எனினும், ஒரு நாள் மாலை, வேலையாட்கள் சென்ற பின், குழந்தையின் அருகில் தரையில் அமர்ந்து வீட்டைச் சுற்றிலும் ஒருமுறை நோக்குங்கள். உரிந்த பெயிண்ட் கண்ணில் பட்டால், பெயிண்டர் உப்புத்தாளை எடுக்குமுன் குழந்தையை வேறிடத்துக்கு அனுப்புங்கள். கொத்தனாரிடம் வேலை என்று முடியும் என்று கேட்பதற்கு முன்னர், குழந்தை எப்போது உறங்குவான் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.