ஒரிஜினலை எடு

2020 பிப்ரவரி 6ஆம் தேதி, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துப் பேனிங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை எரிந்தது. அப்பல்லோ மாஸ்டர்ஸ் என்று பெயர். பேரன் அந்தச் செய்தியைக் கைபேசியில் காட்டியதும் நான் கேட்டது, "ஆளுக்கு ஏதும் ஆச்சாப்பா?" என்றுதான். சிவகாசிப் பக்கம் வாழ்ந்து வயதான யாரிடம் தீ என்று சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். அதற்குப் பிறகுதான் அங்கே என்ன வேலை நடந்தது என்று விசாரிக்கத் தோன்றியது.

இசைத்தட்டுக்கு மூலத் தகடு செய்கிற ஆலையாம் அது. அலுமினியத் தட்டின் மேல் மெல்லிய லாக்கர் பூச்சு. அதில்தான் ஊசி முதன்முதலாகப் பாட்டைக் கீறும். உலகத்தில் அந்தத் தகட்டைச் செய்தவை இரண்டே ஆலைகள். ஒன்று எரிந்துபோனது, இன்னொன்று ஜப்பானில் இருக்கிறது. பூச்சு எதில் ஆனது என்று கேட்டேன். நைட்ரோசெல்லுலோஸ் என்றான். வெடிபஞ்சின் குடும்பம். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டும் வெடிமருந்தும் இவ்வளவு நெருங்கிய உறவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வினைல் என்பதும் பி.வி.சி.தானே; வாணவெடியில் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று தெரிவதற்கு அதே பி.வி.சி.யைப் பவுடராக மருந்தில் கலப்பதுண்டு. அதிலுள்ள குளோரின்தான் நிறத்தைத் தெளிவாக்குகிறது.

இந்தப் பேச்செல்லாம் வந்ததற்குக் காரணம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்தப் பேரன் கொண்டுவந்த ஒரு இசைத்தட்டு. ஜாஸ் பாடகர்கள் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 'எல்லா அண்ட் லூயிஸ்'. 1956 ஆகஸ்ட் 16 அன்று ஹாலிவுட்டில் கேப்பிட்டல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அந்த நாளில் எங்கள் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்தார். ஜூலை 27இல் தொடங்கியவர், நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு, அக்டோபர் 13இல் உயிரை விட்டார். அந்த வருஷத்தைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும். அதே ஆகஸ்டில் பூமியின் மறுபக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து இவ்வளவு இதமாகப் பாடியிருக்கிறார்கள் என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அட்டைப்படமே எனக்குப் பிடித்துப்போனது. ஃபில் ஸ்டெர்ன் எடுத்த படம். மடக்கு நாற்காலியில் இரண்டு பேரும் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் காலுறை கணுக்காலுக்குச் சுருண்டு கிடக்கிறது. யாரும் அதை இழுத்துவிடச் சொல்லவில்லை. பின்னணியில் ஆஸ்கார் பீட்டர்சனின் பியானோ, ஹெர்ப் எல்லிஸின் கிதார், ரே பிரவுனின் பேஸ், பட்டி ரிச்சின் டிரம்ஸ், அவ்வளவுதான். வயலின் கூட்டம் இல்லை. தயாரித்தவர் நார்மன் கிரான்ஸ்.

கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் அனலாக் புரொடக்‌ஷன்ஸ் என்ற நிறுவனம் இதை மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது. முன்பு ஒரே தட்டில் இருந்த பதினோரு பாட்டை, நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுற்றுகிற இரண்டு தட்டுகளில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சுற்று வேகமாக இருந்தால் அதே ஒலி அலை தட்டின் மேல் நீளமாகப் பரவும். ஊசிக்கு அதைப் படிப்பது எளிது. தட்டின் மையத்தை நெருங்கும்போது ஒலி நசுங்குவதும் குறையும். ஆனால் மூன்று பாட்டு முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போடவேண்டும். முழங்கால் வலிக்கிற வயதில் இது தொந்தரவுதான் என்றாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. எழுந்து போகிற நேரத்தில், கேட்ட மூன்று பாட்டும் மனதில் ஒருமுறை ஓடிவிடுகிறது.

விலை ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாதாம். ஒரு பழைய பாட்டுக்கு இவ்வளவா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன்.

சிவகாசியில் லித்தோ முடிந்து ஆப்செட் வந்துவிட்ட காலம். நான் கேமரா பிரிவில் இருந்தேன். தீபாவளிக்கும் காலண்டருக்கும் வேலை ஒன்றாக வந்து குவியும். அந்த நெருக்கடியில் ஒரு பார்ட்டிக்கு முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது. ஓவியர் வரைந்த மூலப்படம் அச்சகத்தில் இல்லை. போன வருஷம் அச்சடித்த காலண்டர் தாள் இருந்தது. சின்னப் பையன் ஒருவன் அந்தத் தாளையே கேமராவில் வைத்து நெகட்டிவ் எடுத்துவிட்டான். பிளேட் ஆகி மிஷினில் ஏறி, முதல் தாள் வந்தபோது தூரத்திலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் ஃபோர்மேன் மிஷினை நிறுத்தினார். பையனைத் திட்டவில்லை. பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, "கன்னத்த பாருலே" என்றார். அச்சடித்த தாளில் ஏற்கெனவே ஸ்கிரீன் புள்ளிகள் இருக்கும். அதை மறுபடி ஸ்கிரீன் வைத்துப் பிடித்தால் புள்ளி மேல் புள்ளி விழுந்து, பட்டுத் துணி மடிப்பில் தெரியுமே அதுபோல நெளிநெளியாக ஒரு கோலம் வரும். முருகனின் கன்னத்தில் அந்த நெளி ஓடியது. பையன் நிமிரவே இல்லை. ஃபோர்மேன் தன் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்து அவனிடம் கொடுத்து, "கோவில்பட்டிக்குப் பஸ் ஏறு. ஒரிஜினல எடுத்துட்டு வா. சாப்பிட்டுட்டு வா" என்று அனுப்பினார்.

கோவில்பட்டி என்றால் அந்தக் காலத்தில் காலண்டர் ஓவியர்களின் ஊர். கொண்டையராஜு அங்கே இருந்துதான் தமிழ்நாட்டு வீடுகளின் பூஜை அறைகளுக்கெல்லாம் லட்சுமியையும் முருகனையும் வரைந்து கொடுத்தார். அவரிடம் கற்றவர்களும் அங்கேயே இருந்தார்கள். பையன் மறுநாள் படத்தோடு வந்தான். பார்ட்டிக்கு ஒரு நாள் தாமதம், கோபம், எல்லாம் இருந்தது. "சாப்பிட்டுட்டு வா" என்ற அந்தச் சொல்லை மட்டும் அந்தப் பையன், இன்று பெரிய அச்சகம் வைத்திருக்கிறவர், பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

இசைத்தட்டு மறுபதிப்பிலும் இதே கதைதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் முதலில் பதிவான காந்த நாடா ஒன்று உண்டு. அதிலிருந்து பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று போகப் போக இரைச்சல் கூடும், ஓசையின் நுனி மழுங்கும். நல்ல மறுபதிப்பு செய்கிறவர்கள் அந்த முதல் நாடாவைத் தேடிப் போகிறார்கள். அதை ஓட்டி லாக்கர் தகட்டில் கீறுகிறார்கள். தகட்டின் மேல் வெள்ளிப் பூச்சுப் பூசி, நிக்கல் முலாம் ஏற்றி, உரித்து எடுத்தால் எதிர்வடிவம் கிடைக்கும். அதிலிருந்து படிப்படியாக அச்சு செய்து, சூடான வினைலை அழுத்தினால் தட்டு. எங்கள் பிளேட் தேய்வதுபோல அந்த அச்சும் தேயும். நல்ல ஆலைக்காரர் தேயும் முன்பே மாற்றிவிடுவார்.

ஆனால் முதல் நாடா இருக்கவேண்டுமே. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீ பிடித்தது. கூரை வேலைக்கு ஊதுவிளக்கு பயன்படுத்தியிருக்கிறார்கள். வேலை முடிந்து, முறைப்படி ஒரு மணி நேரம் காவல் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதன்பிறகு எரிந்தது. அந்தத் தீயில் ஒலி நாடாக் கிடங்கு ஒன்றும் போனது என்ற முழு விவரம் 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. எத்தனை நாடா போனது என்பதில் நிறுவனத்துக்கும் பத்திரிகைக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. அணைந்தது என்று நினைத்த பொறியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த வட்டாரத்தில் நாங்கள் எத்தனை முறை அப்படிச் சொல்லி அழுதிருக்கிறோம்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர்பெற்ற மறுபதிப்பு நிறுவனம், மூல நாடாவிலிருந்தே வெட்டியது என்று வாங்குகிறவர்கள் நம்பும்படி தட்டுகளை விற்றுவந்தது. இடையில் டிஜிட்டல் பிரதி ஒன்று எடுத்து அதிலிருந்து வெட்டினார்கள் என்பது 2022 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் மூலம் வெளியே வந்தது. வழக்கு நடந்து, பணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். பழைய நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அது நைந்துபோகும்; நல்ல பிரதி எடுத்துக்கொண்டு நாடாவைப் பத்திரமாக வைப்பது புத்திசாலித்தனமான வேலை. அதை அட்டையில் எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டியின் மேல் அச்சடித்தது உள்ளே இருக்கவேண்டும் என்று லேபிள் அச்சடித்தே வயிறு வளர்த்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் காலத்து ஃபிலிமும் நைட்ரோசெல்லுலோஸ்தான். பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகள் ஓரளவு தப்பிப் பிழைத்தன என்றால், வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தேடிச் சேர்த்துவைத்ததால்தான். நிறுவனத்திடம் இருந்த மூலம் தொலைந்துபோனால், யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கீறல் விழாமல் வைத்திருக்கும் தட்டே மூலமாகிவிடுகிறது.

எங்கள் ஊர்களில் அந்தப் பெட்டிகள் ரேடியோ செட்காரர்களிடம் இருந்தன. கல்யாணம், சடங்கு, விருதுநகர் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடிக் கொடை, எதுவானாலும் புளியமரத்தில் குழாயைக் கட்டிவிட்டுத் தட்டை வைப்பார்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் பாட்டில் சாக்ஸபோனும் பியானோவும் குழைந்து வரும். அதற்கு ஜாஸ் என்று பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாது. எல்.ஆர். ஈஸ்வரி ஒரு தட்டில் கிளப் பாட்டில் மயக்குவார்; அடுத்த தட்டில் அதே குரல் மாரியம்மனைக் கூப்பிட, கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். எல்லாவின் குரலைக் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் ஈஸ்வரிதான். சொல்லை விளையாட்டாகத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற அந்தத் துணிச்சல் இருவருக்கும் ஒன்று. ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்புக்குப் பக்கத்தில் அவர் எவ்வளவு இடம் விட்டுப் பாடுகிறார் என்பதைக் கேட்கக் கேட்க, பெரிய பாடகியின் பெருந்தன்மை தெரிகிறது.

ரேடியோ செட் அண்ணாச்சி ஒருவர்தான் எனக்குத் தட்டைப் பிடிக்கக் கற்றுத்தந்தார். தட்டின் முகத்தில் விரல் படக்கூடாது. விளிம்பும் நடு லேபிளும்தான் பிடிக்கிற இடம். வெயில் பட்ட தகரக் கொட்டகைக்குள் வைக்காதே, படுக்கப்போட்டு அடுக்காதே, நிற்கவை என்பார். இந்தக் கந்தக பூமியின் வெயிலுக்கு வினைல் அப்பளமாக நெளிந்துவிடும். அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. அவர் மகன் சாத்தூரில் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டி இறங்கியது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பேரன் விடுமுறை முழுக்க அந்தத் தட்டுகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாக ஓட்டிப் பதிவு செய்தான். எந்தத் தட்டிலிருந்து, எந்த ஊசியில், எதன் வழியாக எடுத்தது என்று ஒவ்வொரு பதிவோடும் எழுதியும் வைத்திருக்கிறான். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுத் தட்டு ஒன்றில் மட்டும் இரண்டாம் பக்கம் கீறல் விழுந்து, ஊசி ஓரிடத்திலேயே நின்று குதிக்கிறது. சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் பக்கம் பழைய ரேடியோ செட் வைத்திருந்த குடும்பங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். யார் வீட்டுப் பரணிலாவது பெட்டி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சொல்லியனுப்பினால் நாங்களே வந்து பார்க்கிறோம்.