மூக்குக்குள் ஒரு மஞ்சாடி

எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒரு ஆள். தெல்தெனியவிலிருந்து கண்டிக்குத் தூரம் என்று பார்த்தால் 25 கிலோமீட்டர் அளவுதான் வரும். ஆனால் திகன, குண்டசாலை என்று ஒவ்வொரு ஹோல்டிலும் நின்று ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலேயே ஆகிவிடும். விடிய முன்னம் போனால், பிள்ளைகள் தூங்கின பிறகு வரலாம். கொழும்பில் வேலை என்றால் மாசத்துக்கு ஒரு தடவை. கட்டார், குவைத் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பெரிய பெட்டியோடு. அப்பா எங்களில் எவ்வளவு பாசம் என்பதை அவர் கையில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் பார்த்தோம். என் அப்பாவின் கையைப் பற்றி யோசித்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கடதாசிப் பையில் சுற்றின மாலு பணிஸ் வாசனைதான். அந்தக் கை என்னைத் தூக்கின ஞாபகம் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தபோதும் கதை அப்படியேதான் ஓடியது. கண்டியில் ஒரு அச்சகத்தில் வேலை. போகும்போது ஒரு தூங்குகிற பிள்ளை, வரும்போது அதே தூங்குகிற பிள்ளை. போனில் இருந்த போட்டோக்களைப் பார்த்துத்தான் பகலில் அவளுக்குக் கண் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு 2022 வந்தது.

அந்த வருஷத்தைப் பற்றி இலங்கையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. வெளியில் இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம்: மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 540 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 790க்குத் தாவியது. கேஸ் இல்லை, கடதாசி இல்லை, மருந்து இல்லை. ஜூன் கடைசியில் அரசாங்கம் அறிவித்தது, ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல், டீசல் என்று. அச்சடிக்கிறது அத்தியாவசியம் இல்லை. ஆஸ்பத்திரி அத்தியாவசியம். என் மனைவி தாதி. ஆக, அவள் வேலைக்குப் போனாள், நான் வீட்டில் இருந்தேன். கூட நாலு வயது மகளும் பத்து மாத மகனும்.

முதல் நாள் அவள் போகும்போது ஒரு கடதாசியில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். எத்தனை மணிக்குக் குழைசோறு, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்தத் துவாய் யாருடையது. அந்தக் கடதாசியைக் காலை ஒன்பது மணிக்குச் சின்னவன் தின்றுவிட்டான். முழுக்க இல்லை, மத்தியானத்துக்குப் பிறகு வருகிற பகுதியை மட்டும்.

பம்பஸ் விலை கை வைக்க முடியாத இடத்துக்குப் போயிருந்ததால் பழைய சாரங்களைக் கிழித்துத் துணி கட்டினோம். ஒரு நாளைக்குப் பதினைந்து துணி. நம்முடைய சினிமாவில் மகளுக்காக உருகுகிற அப்பாமார் நிறைய. ‘அபியும் நானும்’, ‘தங்க மீன்கள்’ எல்லாம் நானும் கண் கலங்கிப் பார்த்த ஆள்தான். ஆனால் அந்தப் பதினைந்து துணியில் ஒன்றையாவது எந்த ஹீரோவாவது கசக்கினதாக எனக்கு ஞாபகம் வரவில்லை. மகளுக்காக உலகத்தையே எதிர்க்கலாம் போல. துணிதான் கஷ்டம்.

சின்னவனைத் தூங்க வைக்கிறது தனிக் கதை. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே ஓட்டோ சத்தம் கேட்டால்தான் தூக்கம். எங்கள் வீடு ரோட்டோரம், அதனால் ஒருநாளும் அது பிரச்சினையாக இருந்ததில்லை. இப்போது ரோட்டில் ஒரு ஓட்டோ இல்லை. பெற்றோல் இல்லாத நாட்டில் என் மகனுக்கு நான்தான் ஓட்டோ. தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் ‘டுர்ர்ர்ர்’ என்று சுற்றுவேன். மூத்தவள் பின்னால் நடந்து வந்து கணக்காகச் சொல்வாள்: “அப்பா, இது மேட்டுல ஏர்ற சத்தம். அவனுக்கு எறக்கம் வேணும்.” கியரை மாற்றினால், உண்மையாகவே தூங்குவான். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி வேலிக்கு அங்கால் நின்று பார்த்துவிட்டு, “அனே புத்தே” என்று ஒரு பேணி பிளேன்டீ ஊற்றித் தருவா. சீனி இருக்காது. யாரிடமும் இருக்கவில்லை.

ஜூலை 9ஆம் தேதி நாடே போனில் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், சின்னவன் கதிரையை விட்டுக் கையை எடுத்துவிட்டுத் தனியாக நிற்கிறான். மூன்று விநாடி இருக்கும். பிறகு பொத்தென்று உட்கார்ந்து, தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே விளங்காமல் சிரித்தான். அந்தச் சரித்திரம் எல்லார் போனிலும் இருக்கிறது. இந்தச் சரித்திரத்தைப் பார்த்தது நானும் மூத்தவளும்தான்.

மஞ்சாடி நடந்தது அதற்கு அடுத்த கிழமை. மஞ்சாடி தெரியாதவர்களுக்கு: சிவப்பாக, வழுவழுவென்று, பொத்தான் மாதிரி ஒரு விதை. எங்கள் பக்கம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும், பிள்ளைகள் போத்தலில் சேர்த்து வைப்பார்கள். (கறுப்புக் கண் உள்ள குன்றிமணி வேறு. அது நஞ்சு, வீட்டுக்குள்ளேயே எடுக்கக் கூடாது.) நான் விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன். மூத்தவள் வந்து பக்கத்தில் மரியாதையாக நின்றாள். அவள் மரியாதையாக நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

“அப்பா, மஞ்சாடி போயிருச்சு.”

“எங்க போயிருச்சு?”

மூக்கைக் காட்டினாள். இடது பக்கம். டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக ஒரு மினுக்கம். விரலை விட்டால் இன்னும் உள்ளே போகும் என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட ஓட்டோ இல்லை. ஒரு இடுப்பில் சின்னவன், அடுப்பில் சோறு. வார்டுக்குப் போன் அடித்தேன்.

“அழுறாளா? மூச்சு எடுக்கிறாளா?” என்று கேட்டாள் மனைவி. வீட்டில் கேட்காத ஒரு குரல் அது, வேலைக் குரல். “சரி. நான் சொல்றத அப்படியே செய்ங்க. பேட்டரி மாதிரி ஒண்ணும் இல்லையே? மஞ்சாடிதானே? பேட்டரின்னா இதெல்லாம் செய்யக் கூடாது, எப்படியாவது கொண்டாந்துரணும்.”

பிறகு சொன்னாள். பிள்ளைக்கு முத்தம் தரப்போகிறேன் என்று சொல்லி உட்கார வையுங்கள். விதை இல்லாத மூக்குத் துவாரத்தை விரலால் அடையுங்கள். அவள் வாய் மேல் உங்கள் வாயைக் காற்று போகாமல் வைத்து, மெதுவாக ஊதுங்கள், லேசாகத் தடுக்கிற மாதிரி தெரிந்ததும் ஒரே ஒரு தடவை சட்டென்று ஊதுங்கள். முதல் தடவை மூத்தவளுக்குச் சிரிப்பு வந்து காற்றெல்லாம் போய்விட்டது. இரண்டாவது தடவை சளியோடு சேர்ந்து மஞ்சாடி என் கன்னத்தில் வந்து அடித்தது. அவள் அதைக் கழுவி மறுபடி போத்தலில் போடக் கேட்டாள். சோறு குழைந்து போயிருந்தது, சின்னவனுக்கு அதுதான் வசதி.

ராத்திரி வந்த மனைவியிடம் இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். ‘மதர்ஸ் கிஸ்’ என்றாள். தாய் முத்தம். தேடிப் பார்த்தேன்: 1965இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு வைத்தியர் எழுதி வைத்த முறை. 2012இல் கனடாவின் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் பழைய பதிவுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், 10 பிள்ளைகளில் 6 பேருக்கு வேலை செய்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் மச்சான், சளி பட்டது என் கன்னத்தில்.

சும்மா பகிடிக்குச் சொல்லவில்லை. இந்தப் பெயரின் பின்னால் ஒரு நாட்டுச் சட்டமே நிற்கிறது. இலங்கையில் பிள்ளை பிறந்தால் அரச ஊழியரான அப்பாவுக்குச் சம்பளத்தோடு லீவு 3 நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒன்றுமே இல்லை, முதலாளியின் மனசு. இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். சுவீடனில் 1974இலேயே அப்பாவும் எடுக்கலாம் என்று கொண்டுவந்து, இன்றைக்குப் பெற்றோர் இரண்டு பேருக்கும் சேர்த்து 480 நாள், அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கினது, எடுக்காவிட்டால் போய்விடும். நம்மூர் அப்பாமாருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் மூன்று நாளில் எதைப் படிக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். கிளினிக்குக்கு நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனால் வாங்கில் இருக்கிற எல்லாரும் முதலில் கேட்பது, “அம்மா வரல்லயா?” பிறகு, “பாவம், உதவி செய்றார்.” யாருக்கு உதவி? அவன் என் மகன் இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது, ஆம்பளைங்களுக்குப் பிடிக்காத ஒன்று. பிலிப்பைன்ஸில் செபு என்ற இடத்தில் 624 இளைஞர்களை 2005இலும் பிறகு நாலரை வருஷம் கழித்தும் ஆராய்ந்தார்கள், 2011இல் வெளியானது. அப்பாவாகினவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. அதிலும் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மற்ற அப்பாமாரைவிடக் குறைவு. இதை ஒரு கூட்டாளியிடம் சொன்னபோது, “அப்ப தூக்காம இருக்கிறதுதான் நல்லம்” என்றான். நான் அப்படிப் படிக்கவில்லை. பிள்ளை பார்க்கிற வேலைக்கு அம்மாவின் உடம்பு மட்டும்தான் செய்யப்பட்டிருக்கிறது, அப்பா சும்மா வெளியாள் என்ற கதை பொய் என்றுதான் படித்தேன். உடம்பு மாறத் தயார். பக்கத்தில் இருக்க விட்டால் போதும்.

பெற்றோல் கியூஆர் கோட்டில் வரத் தொடங்கி, கடதாசியும் வந்து, அச்சகம் திறந்தது. முதல் நாள் நான் செருப்பைப் போடும்போது சின்னவன் அந்தச் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டான். அழவில்லை, சும்மா உட்கார்ந்தான். அடுத்த மாதம் முதலாளியோடு பேசி கிழமைக்கு ஐந்து நாளாக்கினேன், ஆறாவது நாள் சம்பளம் வெட்டு. எண்ணெய்க்கும் அரிசிக்கும் அந்தக் காசு தேவைப்பட்ட காலம்தான். இப்போதும் மாசக் கடைசியில் அந்தக் காசை நினைப்பேன். சொந்தக்காரர்கள் பொண்டாட்டி தாசன் என்றார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பழைய தெல்தெனியவில் வளர்ந்தவர். விக்டோரியா அணையைக் கட்டி, 1985இல் திறந்தபோது அந்த டவுனே தண்ணிக்குக் கீழே போய்விட்டது. இப்போதிருக்கிற டவுன் மேலே கட்டினது. நல்ல வறட்சி வந்தால் தண்ணி இறங்கி, பழைய சுவர்கள் சேற்றிலிருந்து தலைகாட்டும். அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அப்பா என்னை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவருக்கு நேரம் இருக்கவில்லை, பஸ்ஸில் இருந்தார்.

என்னுடைய சம்பளம் வெட்டின நாள்களில் ஒன்றில், நாங்கள் நாலு பேரும் நீர்த்தேக்கக் கரைக்குப் போனோம். தண்ணி நன்றாக இறங்கியிருந்தது. பாதி வழியில் சின்னவன் நடக்க மாட்டேன் என்று நின்றான். நான் குனிய முன்னம் அப்பா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டார். இடுப்பில் பிள்ளையோடு அவரை நான் பார்க்கிறது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கோணலாகத்தான் வைத்திருந்தார், சாரத்தை வேறு பிடிக்க வேண்டியிருந்தது. பொறாமையாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

“அந்தா, அந்தச் சுவர் தெரியுதா? அதுக்கு அங்கிட்டுத்தான் நான் சின்னப் பையனா வேலை செஞ்ச சில்லறைக் கடை. அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் விப்போம்” என்றார் அப்பா, தண்ணியைக் காட்டி.

மூத்தவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “தாத்தா, இப்ப அந்தக் கடைக்கு மீனெல்லாம் வருமா, சாமான் வாங்க?”

“வரும்” என்றார் அப்பா. “எல்லாம் கடனுக்குத்தான்.”