ஹல்துமுல்லைக்கு ஒரு சிறு கணினி

பெரகலைச் சந்தியிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் சாலையில் வளைவுகள் மிகுதி. பஸ்ஸில் நின்றே பயணஞ் செய்வோர்க்குப் பையின் பாரம் பெரிது. 2007ஆம் ஆண்டில் அசுஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஈ பிசி என்னும் மலிவு மடிக்கணினி ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுடையது. சுழலும் தட்டு இன்மையால் குலுக்கலுக்கு அஞ்சாதது. ஏனையோரும் அதனைப் பின்பற்றினர். சில ஆண்டுகளில் அவ்வினம் சந்தையினின்று மறைந்ததாயினும், அத்தகைய பழைய பொறியொன்றை நாம் இன்றும் சுமந்து திரிகின்றோம்.

இப்பிரதேசத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. அதுபற்றி முதியோர் கூறுவனவற்றை எழுதிக்கொள்ளவே சென்றோம். பெருங் கணினியை விரித்திருந்தால், யாரோ உத்தியோகத்தர் என்று பேச்சு அடங்கியிருக்கும். சிலேட்டளவான இதனைக் கண்டு எவரும் கூசவில்லை. “இதிலயா எங்க ஆளுக பேரெல்லாம் எழுதுறீங்க, ஐயா?” என்றார் ஒரு பாட்டி.

குறைகளும் உள. விசைகள் நெருங்கியிருப்பதால், விரைந்து எழுதுகையில் எழுத்துக்கள் மாறிவிடும். இறந்தோர் பெயர் பிழைபடலாமா? பெயர்களை மட்டும் கொப்பியிலும் எழுதி, அவரவர்க்கு வாசித்துக் காட்டினோம். மாலையில் மூடுபனி ஏறிற்று, மின்கலமும் தளர்ந்தது. பாட்டி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. எஞ்சியதையும் கொப்பியிலேயே எழுதிக்கொண்டோம்.